முந்நூறு மீட்டர் என்று போட்டிருந்தது

வீட்டில் வைஃபை ஆமை வேகத்தில் ஓடுகிறது என்று என் மகன் மாதத்துக்கு ஒருமுறையாவது யாரையோ போனில் வறுத்தெடுப்பான். விளம்பரத்தில் சொன்ன வேகத்தில் பாதிகூட வரவில்லையாம். நான் வாயைத் திறக்காமல் காய் நறுக்கிக்கொண்டிருப்பேன். அவன் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறது. விளம்பரத்தில் போடுகிற எண் எந்த அறையில் பிறக்கிறது என்று எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட அறை ஒன்றில் ஆறு வருஷம் வேலை பார்த்தவள் நான். ஆனால் பதிலைச் சொல்ல ஆரம்பித்தால் எங்கள் அம்மா கதையில் போய் முடியும். அதனால் சொல்வதில்லை.

தொண்ணூறுகளின் முதல் பாதி அது. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் கோர்ட்லெஸ் போன் செய்கிற ஒரு பெக்டரியில் எனக்குச் சோதனைப் பிரிவில் வேலை. சோதனை அறையின் சுவர், கூரை, கதவு எல்லாவற்றிலும் செப்புக் கம்பி வலை அடித்திருப்பார்கள். அதை நாங்கள் கூண்டு என்போம். கதவைச் சாத்திவிட்டால் வெளியே ஊரில் ஓடுகிற ரேடியோ, டிவி, டாக்சிக்காரர்களின் வாக்கி டாக்கி எதுவும் உள்ளே நுழையாது. கையில் இருக்கிற போனுக்கு, லைனில் மாட்டுகிற அதன் பெட்டியின் குரல் மட்டும்தான் கேட்கும். உலகத்தில் வேறு வீடே இல்லை என்பது போல ஒரு சுத்தமான அமைதி. முதல் வாரம் அந்த அமைதியில் எனக்குத் தலைவலி வந்தது.

அந்த அறையில் வைத்து சிக்னலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பார்த்து, கணக்குப் போட்டு, இது முந்நூறு மீட்டருக்குச் சமம் என்று இன்ஜினியர் எழுதுவார். அட்டைப்பெட்டியில் அது பெரிய எழுத்தில் ஏறிவிடும். போனைக் கையில் பிடித்துக்கொண்டு முந்நூறு மீட்டர் நடந்து பார்த்த ஆள் எங்கள் பெக்டரியில் ஒருவர்கூட இல்லை.

எங்கள் வீடு ஆயர் ஈத்தாமில் ஒரு பிளாட்டின் ஒன்பதாவது மாடி. நானும் அம்மாவும் மட்டும். அம்மாவுக்கு இருதயம் பலவீனம். போன் மணி அடித்தால் சமையலறையிலிருந்து ஹாலுக்கு ஓடி வரக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஓடாதே என்றால் கேட்கிற ஆளா அவர். அதனால் கடைகளுக்கு அனுப்பியது போகப் பெக்டரியில் மிஞ்சிப்போன ஒரு லோட்டைத் தொழிலாளிகளுக்கு மலிவாகத் தள்ளிவிட்டபோது நானும் ஒன்று வாங்கினேன். எங்கள் பிளாட்டிலிருந்தும் சுற்றியுள்ள பிளாட்டுகளிலிருந்தும் வேலைக்குப் போகிற பெண்கள் நிறைய. எல்லோரும் ஆளுக்கொன்று தூக்கிக்கொண்டு வந்தோம். எல்லாம் ஒரே லோட், எல்லாம் ஒரே சேனல். அதன் அர்த்தம் என்ன என்று யோசிக்க வேண்டியவள் நான்தான். மலிவாகக் கிடைத்த சந்தோஷத்தில் யோசிக்கவில்லை.

ஹாலில் பழைய கம்பிப் போன் அதன் இடத்திலேயே இருந்தது. பக்கத்தில் புதுப் பெட்டியை வைத்தேன். கைப்போனை அம்மா கைலி மடிப்பில் செருகிக்கொண்டு நடந்தார். முந்நூறு மீட்டர் என்று போட்டிருந்த அந்தச் சாமான், சமையலறை தாண்டித் துணி காயப்போடுகிற இடத்துக்குப் போனாலே இரைய ஆரம்பித்தது. மொத்தம் பத்து எட்டு நடை இருக்கும். சுவருக்குள் இரும்புக் கம்பி, நடுவில் பிரிட்ஜ், அந்தப் பக்கம் லிஃப்ட் மோட்டார், மேலும் கீழும் அதே சேனலில் ஊரார் பேசுகிற பேச்சு. காற்றிலும் நெருக்கடி உண்டு. கூண்டில் அது கிடையாது. அம்மா குறை சொன்னபோது இதையெல்லாம் விளக்காமல், "அட்டையில போடுறதெல்லாம் பொய்ம்மா, நம்பாத" என்று சொல்லி முடித்துவிட்டேன். அந்த வார்த்தை எனக்கே திரும்பி வரும் என்று அப்போது தெரியாது.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு ஒரே அக்கா. மாக் மண்டினில் ஒரு பெக்டரிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள், அப்பாவுக்குப் பிடிக்காத ஒருவரோடு ஒருநாள் போய்விட்டாள். இனி இந்த வீட்டில் அவள் பெயர் கேட்கக்கூடாது என்றார் அப்பா. கேட்கவில்லை. அவள் எங்கள் வீட்டில் வெறும் 'அவ' ஆகிப்போனாள். அப்பா இறந்தபோதும் வரவில்லை. செய்தி சொல்ல விலாசமும் இல்லை. ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. வீடு மாறலாம் என்று நான் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். அம்மா அசையவில்லை. வீடு மாறினால் போன் நம்பர் மாறிவிடும், அவளுக்குத் தெரிந்தது இந்த நம்பர் ஒன்றுதான். அம்மா உயிரைப் பிடித்துக்கொண்டிருந்ததே அந்த ஆறு எண்களுக்காகத்தான் என்று சொல்வேன். அதில் எனக்குப் பொறாமையும் உண்டு. கூடவே இருந்து கஞ்சி வைத்துக் கொடுத்தவள் நான்.

போன் வாங்கி இரண்டு மாதம் கழித்து எனக்கு இரவு ஷிப்ட் வந்தது. பகலில் தூங்க வேண்டும். அந்த வாரம் திங்கட்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு விழிப்பு வந்தது. வெளியே வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. சமையலறையில் அம்மா யாரிடமோ மெல்லிய குரலில் பேசிக்கொண்டிருந்தார். நான் குழந்தையாக இருந்தபோது கேட்ட குரல். "நீதானா... சாப்பிட்டியாம்மா?" என்றார். பிறகு நீண்ட நேரம் சத்தமில்லை. நிபோங் திபால் சின்னம்மாவாக இருக்கும் என்று நினைத்துப் புரண்டு படுத்தேன்.

சாயங்காலம் யார் போனில் என்று கேட்டேன்.

"அவதான்."

"எந்த அவ?"

"நம்ம வீட்டுல எத்தன அவ இருக்காங்க?"

இரண்டு மாதமாகவே பேசுகிறாளாம். சனி, ஞாயிறு தவிர தினமும் மூன்று மணிக்கு. என்னிடம் சொன்னால் நான் சண்டை பிடிப்பேன், அவள் பயந்து கூப்பிடாமல் போய்விடுவாள் என்று மறைத்து வைத்திருக்கிறார். எங்கே இருக்கிறாளாம் என்று கேட்டேன். கேட்டால் சொல்வதில்லையாம். அதிகம் பேசுவதில்லையாம், அழுகிறாளாம். அவள்தான் என்று எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு அம்மா என்னை ஒரு முட்டாளைப் பார்ப்பது போல் பார்த்தார்.

"'நான்தாம்மா'ன்னு சொன்னா. என்னை அம்மான்னு கூப்பிட்டு வேற யாரு நான்தான்னு சொல்லுவா?"

இதுதான் நம் ஆட்களின் வழக்கம். சீனர் வீட்டில், மலாய்க்காரர் வீட்டில் எப்படியோ, நம்மவர்கள் போனை எடுத்தால் பெயர் சொல்ல மாட்டார்கள். யார் பேசுறது என்றால் நான்தான். நீதானா என்றால் ஆமாம். அம்மா, அக்கா, அண்ணே என்று ஒரு முறையைச் சொன்னால் போதும், குரலிலேயே ஆள் தெரிந்துவிடும். நானும் அன்று வரை போனில் என் பெயரைச் சொல்லிப் பேசியதே கிடையாது.

அம்மா கடைசியாக இன்னொன்றும் சொன்னார். வந்துவிடு, இங்கே வந்துவிடு, இங்கே உன்னை யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள் என்று தினமும் அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாராம். முதலில் அழுதவள், போன வாரம் சரி என்றாளாம். வெள்ளிக்கிழமை வந்துவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். அம்மாவின் முகத்தில் நான் பல வருஷமாகப் பார்க்காத ஒரு வெளிச்சம்.

மறுநாள் தூங்காமல் அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மூன்று மணிக்குப் போன் அடித்தது. அம்மாவின் இடுப்பில் இருந்தது மட்டும் அடித்தது. ஹாலில் அதே லைனில் மாட்டியிருந்த பழைய போன் வாயைத் திறக்கவில்லை. அம்மா இதை ஒருநாளும் கவனித்ததில்லை. கவனிக்க வேண்டிய வேலையில் இருந்தவள் நான். இந்த அழைப்பு எங்கள் நம்பருக்கு வரவில்லை.

அம்மாவின் காதோடு காது வைத்துக் கேட்டேன். ஒரே இரைச்சல். இரைச்சலுக்கு நடுவே எங்கோ ஆழத்தில் ஒரு பெண். "அம்மா... நான்தாம்மா" என்றாள். அது அக்கா குரல் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை, உண்மையைச் சொல்கிறேன். ஒன்பது வருஷத்தில் குரல் என்னவாகும் என்று யாருக்குத் தெரியும். ஒரு நிமிஷம் நானும் நம்பினேன். நம்ப வேண்டும் என்று இருந்தது.

புதன்கிழமை காலை அம்மா குளிக்கப் போனபோது எங்கள் புதுப் பெட்டியின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினேன். கரண்ட் இல்லை, லைனும் இல்லை. கையில் இருக்கிற போன் இனி செத்த பிணம். பட்டனை அழுத்திக் காதில் வைத்தேன். டயல் டோன் கேட்டது. லேசாக, இரைச்சலோடு, நிற்காமல் கேட்டது. பிடுங்கிய வயர் என் காலடியில் கிடந்தது.

காரணம் எனக்குத் தெரியும். அதே மாடலில், அதே சேனலில் வேறொரு பெட்டி பக்கத்தில் எங்கோ உயிரோடு இருக்கிறது, இந்தக் கைப்போனைத் தன்னுடையது என்று நினைத்துப் பதில் சொல்கிறது. அந்த மாடலில் பூட்டுக் குறியீடு கிடையாது. ஒரே சேனலில் இருக்கிற பெட்டிக்கும் கைப்போனுக்கும் தன் வீடு, அடுத்த வீடு என்ற வித்தியாசம் தெரியாது. போனைக் காதில் வைத்தபடியே வீட்டை விட்டு வெளியே வந்தேன்.

தாழ்வாரத்தில் இரைச்சல் கூடியது. மேல்மாடிக்கு ஏறினேன், டோன் அறுந்து போனது. இறங்கினேன், திரும்பி வந்தது. எட்டாவது மாடியில் இரைச்சல் குறைந்தது. ஏழாவது மாடியில் அந்தக் கோடிக்கு நடக்க நடக்க டோன் தெளிந்துகொண்டே போனது. கடைசி வீட்டுக் கதவு முன்னால் நின்றபோது இரைச்சல் சுத்தமாக இல்லை. கூண்டுக்குள் கேட்பது போலவே கேட்டது.

இரும்புக் கதவில் பூட்டு. கம்பிகளில் விளம்பரத் தாள்கள் செருகி மஞ்சளாகிக் கிடந்தன. நிலையின் மேலே காய்ந்து சுருண்ட மாவிலைத் தோரணம். நம்மவர் வீடு. உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று கதவைத் தட்டினேன்.

பக்கத்து வீட்டுச் சீன ஆண்ட்டி தன் கதவைக் கொஞ்சமாகத் திறந்தார். "தா அடா ஓராங்" என்றார். ஆள் இல்லை. பிறகு மலாயில் மெதுவாக, கதவைப் பிடித்தபடியே, மீதியைச் சொன்னார். அங்கே தனியாக இருந்த தமிழ் அம்மா இறந்து ஐந்து மாதமாகிறது. ஒரே மகள், கல்யாணமாகி கோலாலம்பூரில் இருக்கிறாள். போன வருஷம் கம்பியில்லாத போன் ஒன்றைக் கடையில் வாங்கி அம்மாவுக்கு மாட்டிக் கொடுத்தவளும் அவள்தான். வீட்டைக் காலி செய்யவில்லை, கரண்டையும் போனையும் வெட்டவிடவில்லை. தினமும் மூன்று மணிக்கு உள்ளே போன் அடிக்கும். மகள்தான் கூப்பிடுகிறாள், அம்மா வீட்டு மணி அடிப்பதைக் கேட்டால் மனசு ஆறுகிறது என்று முப்பதாம் நாள் காரியத்துக்கு வந்தவள் சொன்னாளாம். நெடுநேரம் அடித்துவிட்டு ஓயும். அது பழகிப்போய்விட்டது என்றார் ஆண்ட்டி.

"இப்போ ரெண்டு மாசமா வேற மாதிரி" என்றார். இரண்டு தடவை அடிக்கிறது, நின்றுவிடுகிறது. உள்ளே யாரோ எடுப்பது போல. அவர் மூன்று மணிக்குத் தாழ்வாரத்தில் உட்காருவதை விட்டுவிட்டார். வாசலில் ஊதுபத்தி இரண்டு மடங்காக ஏற்றுகிறார்.

என் கையில் இருந்த போனைக் காட்டி அவருக்கு எல்லாவற்றையும் விளக்கியிருக்கலாம். விளக்கவில்லை. படிக்கட்டு வரை நடந்து போய் உட்கார்ந்துவிட்டேன்.

அம்மா தன் மகள் பேசுகிறாள் என்று நினைத்துப் பேசியிருக்கிறார். அந்தப் பெண் யாரிடம் பேசுவதாக நினைத்தாள்? செத்துப்போன அம்மாவின் பூட்டிய வீட்டுக்குப் போன் செய்கிறாள். ஒருநாள் இரைச்சலுக்குள்ளிருந்து ஓர் அம்மா பதில் சொல்கிறாள். சாப்பிட்டியா என்று கேட்கிறாள். வந்துவிடு, இங்கே வந்துவிடு, இங்கே உன்னை யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள் என்று தினமும் கூப்பிடுகிறாள். வெள்ளிக்கிழமை வந்துவிடுகிறேன் என்று அந்தப் பெண் ஒப்புக்கொண்டது எந்த இடத்துக்கு என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

கோலாலம்பூர் நம்பர் ஆண்ட்டியிடம் இல்லை. அன்று மூன்று மணிக்கே நான் எடுத்திருக்க வேண்டும். அம்மா போனை இடுப்பை விட்டு எடுக்கவில்லை. நான் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன், பிடுங்க எனக்குத் தைரியம் வரவில்லை. அம்மா அவளிடம் வெள்ளிக்கிழமைக்கு என்ன சமைக்கட்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை பேட்டரி மாற்ற வேண்டும் என்று பொய் சொல்லிப் போனை வாங்கினேன். மூணு மணிக்குள்ள கொண்டாந்துரு என்றார் அம்மா. நான் ஏழாவது மாடிப் படிக்கட்டில் போய் நின்றேன். மூன்று மணிக்குப் பூட்டிய வீட்டுக்குள் மணி அடித்தது. அதே நொடியில் என் உள்ளங்கையிலும் அடித்தது. ஆண்ட்டி வீட்டுக் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது.

பட்டனை அழுத்தினேன். இங்கே இரைச்சல் இல்லாததால் அவள் மூச்சுகூடக் கேட்டது.

"அம்மா, நான்தாம்மா."

அது அக்கா இல்லை. அவ்வளவு தெளிவாகக் கேட்ட பிறகு சந்தேகத்துக்கு இடமே இல்லை. பிறகு என் பெயரைச் சொன்னேன். எந்த மாடி, எந்த வீடு என்று சொன்னேன். நான் உங்கள் அம்மா இல்லை, உங்களோடு பேசியதும் உங்கள் அம்மா இல்லை, எங்கள் வீட்டுப் போன் உங்கள் வீட்டு லைனைப் பிடித்துவிட்டது என்று மூச்சு விடாமல் சொன்னேன்.

"அப்போ என்னை வரச் சொன்னது யாரு?"

"எங்கம்மா. எங்கக்காவ கூப்பிட்டாங்க. உங்கள இல்ல. நீங்க வர வேணாம்."

"நாளைக்குன்னு எல்லாத்தையும் எடுத்து வெச்சுட்டேனே" என்றாள், பஸ்ஸைத் தவறவிட்டவள் சொல்வது போல.

அதற்குப் பிறகு நான் அவளைப் பேச்சை விட்டுப் போகவிடவில்லை. வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். யாருமில்லை. பக்கத்து வீட்டில் யார் என்று கேட்டேன். ஓர் அக்கா இருக்கிறாராம். அவரைக் கூப்பிடுங்கள், நான் லைனிலேயே இருக்கிறேன் என்றேன். அவள் மாட்டேன் என்றாள், அழுதாள், திட்டினாள். அம்மாவை என்னிடமிருந்து ஏன் பிடுங்குகிறாய் என்று கேட்டாள். எட்டு மணி நேரம் பேசலாம் என்று அட்டையில் போட்டிருந்த பேட்டரி அரைமணி நேரத்தில் கீக்கீ என்று கத்த ஆரம்பித்தது. என் பெக்டரியை நான் அன்று சபித்தது போல் என்றும் சபித்ததில்லை. கடைசியில் கதவு திறக்கிற சத்தமும், யார் பேசறது, என்னாச்சு என்று வேறொரு பெண்ணின் குரலும் கேட்டன. அந்த அக்காவிடம் இவளைத் தனியாக விடாதீர்கள், வீட்டுக்காரரைக் கூப்பிடுங்கள் என்று சொல்லி முடித்தபோது போன் செத்தது.

மேலே போனேன். அம்மா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். அடிச்சதா என்று கேட்டார். இல்லை என்றேன். அந்த நேரத்தில் அதுதான் வாயில் வந்தது.

வெள்ளிக்கிழமை அம்மா விடிந்ததும் பாசாருக்குப் போய், அவளுக்குப் பிடிக்கும் என்று நெத்திலி சம்பலும் நண்டும் சமைத்தார். மூன்று தட்டு எடுத்து வைத்தார். மூன்று மணிக்குப் போன் அடிக்கவில்லை. நாலு மணிக்கும் அடிக்கவில்லை. கதவையும் போனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தவர், ஐந்து மணிக்கு என் பக்கம் திரும்பினார்.

"நேத்து போனை நீதான் வெச்சிருந்த. அவகிட்ட என்ன சொன்ன?"

இன்னொரு பொய் சொல்ல என்னிடம் தெம்பில்லை. "வர வேணாம்னு சொன்னேன்" என்றேன்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். சேனல், பெட்டி, ஏழாவது மாடி, இறந்துபோன அம்மா, கோலாலம்பூர்ப் பெண். பழைய போன் அடிக்காததைச் சொன்னேன். கையைப் பிடித்துக் கீழே கூட்டிப்போய்க் காட்டுகிறேன் என்றேன். அம்மா மூன்றாவது தட்டை எடுத்துக் கழுவி அலமாரியில் வைத்தார்.

"அட்டையில போடுறதெல்லாம் பொய்னு நீதானே சொன்ன. இத மட்டும் நான் ஏன் நம்பணும்?"

அடுத்த மாதம் கீழே ஒரு லோரி வந்து நின்றது. ஏழாவது மாடிச் சாமான்கள் இறங்கின. தாழ்வாரத்திலிருந்து எட்டிப் பார்த்தேன். ஒல்லியாக, தலையை அள்ளி முடிந்த ஒரு பெண் கட்டில் கம்பிகளைக் கணவனோடு சேர்ந்து தூக்கிக்கொண்டிருந்தாள். அவள் இருக்கிறாள் என்று பார்த்ததே போதும் என்றிருந்தது, இறங்கிப் போகவில்லை. அன்றிலிருந்து எங்கள் போன் துணி காயப்போடுகிற இடத்தையும் தாண்டி லிஃப்ட் வரை தெளிவாகக் கேட்டது. அம்மா அதைத் தொடுவதை விட்டுவிட்டு, ஹாலில் பழைய போன் பக்கத்திலேயே நாற்காலி போட்டுக்கொண்டார்.

அக்கா கடைசி வரை வரவில்லை. அம்மா இன்னும் பதினொரு வருஷம் இருந்தார். என்னோடு நன்றாகத்தான் இருந்தார், என் கல்யாணத்தை நடத்தினார், என் பிள்ளையைத் தூக்கி வளர்த்தார். ஆனால் பிற்பகலில் போன் அடித்தால் மட்டும், நான் பக்கத்தில் இருந்தாலும் கையை நீட்டித் தடுத்துவிடுவார்.

"நீ எடுக்காத. நீ வர வேணாம்னு சொல்லிடுவ."